ரிமோட் விமானம்: ரெடிமேடா, கிட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியோ ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானத்தைத் தயாராக வாங்குவதா, கிட் எனப்படும் பாகங்களின் தொகுப்பாக வாங்கிக் கையால் கட்டுவதா என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும்.

இதுவரை எதையும் பறக்கவிட்டதில்லை. முதல் விமானத்தை வாங்கட்டுமா, கட்டட்டுமா?

வாங்குங்கள். ஃபோமில் செய்த, உடலுக்கு மேலே இறக்கை அமைந்த, மெதுவாகப் பறக்கும் டிரெய்னர் (பழகுவதற்கான விமானம்) ஒன்றைத் தயார் நிலையில் வாங்குங்கள்.

பறக்கவிடுவது ஒரு திறமை, கட்டுவது வேறொரு திறமை. இரண்டையும் ஒரே விமானத்தில் கற்கப் போனால், அது விழும்போது எதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இறக்கை முறுக்கிக்கொண்டிருந்ததா? எடை பின்பக்கம் சாய்ந்திருந்ததா? அல்லது விரல் தப்பான பக்கம் போனதா? புதிதாகப் பழகுபவர் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். இடது பக்கம் திருப்ப நினைத்து ஸ்டிக்கைத் தள்ளினால் அது நம் கண்ணுக்கு வலது பக்கம் போகும். இது கைக்குப் பழகும்வரை விமானம் சில முறை தரையைத் தொடத்தான் செய்யும். ஒழுங்காகப் பறக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த விமானம் என்றால் தவறு கையில்தான் என்பது தெளிவு, திருத்திக்கொள்ளலாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று, இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை (கையில் பிடிக்கும் ரிமோட்களை) இணைத்துச் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருந்தால், கட்டிய விமானத்திலேயே தாராளமாகப் பழகலாம். நீங்கள் தடுமாறிய நொடியில் அவர் ஒரு சுவிட்சை விட்டால் போதும், கட்டுப்பாடு அவர் கைக்குப் போய்விடும்.

அப்படியானால் கிட் எதற்கு?

இரண்டாவது விமானத்துக்கு. என் ஆலோசனை, முதல் விமானம் வாங்கும்போதே கிட்டையும் தொடங்கிவிடுங்கள். காற்று சரியாக இருக்கும் நாளில் பறக்கவிடுங்கள், மற்ற நாட்களில் மேஜையில் உட்கார்ந்து கட்டுங்கள். பறக்கக் கற்று முடிக்கும் நேரத்தில் கிட்டும் தயாராகியிருக்கும். அதை ஓட்டும் கையும் தயாராகியிருக்கும்.

பெட்டியின் மேல் ஆர்டிஎஃப், பிஎன்எஃப், பிஎன்பி, ஏஆர்எஃப் என்றெல்லாம் போட்டிருக்கிறதே, அவை என்ன?

நீங்கள் இன்னும் எவ்வளவு வாங்க வேண்டும், எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் குறிகள் அவை.

ஆர்டிஎஃப் (ரெடி டு ஃப்ளை) என்றால் டிரான்ஸ்மிட்டர், பேட்டரி, சார்ஜர் உட்பட எல்லாம் பெட்டியிலேயே இருக்கும். இறக்கையை மாட்டி, சார்ஜ் ஏற்றி, சரிபார்த்துவிட்டுக் கிளம்பலாம். பிஎன்எஃப் (பைண்ட் அண்ட் ஃப்ளை) வகையில் டிரான்ஸ்மிட்டரின் சிக்னலை வாங்கும் ரிசீவர் விமானத்துக்குள்ளேயே இருக்கும், டிரான்ஸ்மிட்டர் உங்களுடையது, பெரும்பாலும் பேட்டரியும் சார்ஜரும்கூட. பிஎன்பி (பிளக் அண்ட் பிளே) வகையில் மோட்டார், ஸ்பீட் கன்ட்ரோலர், வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையும் பலகைகளை இயக்கும் சர்வோக்கள் பொருத்தப்பட்டிருக்கும். ரிசீவரும் பேட்டரியும் நீங்கள் போட வேண்டும். ஏஆர்எஃப் (ஆல்மோஸ்ட் ரெடி டு ஃப்ளை) என்பது பெரும்பாலும் மிக லேசான பால்சா மரத்தில் தொழிற்சாலையிலேயே கட்டி, மேலே பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டித் தரும் இறக்கை, உடல், வால். மோட்டார் முதல் சர்வோ வரை எல்லாவற்றையும் நீங்கள் வாங்கிப் பொருத்த வேண்டும்.

பிஎன்எஃப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் என்றாலும் ஒரு நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டர் இன்னொரு நிறுவனத்தின் ரிசீவரோடு பொதுவாகப் பேசாது. ஸ்பெக்ட்ரம் ரிசீவர் உள்ள விமானத்தை ஃபுடாபா டிரான்ஸ்மிட்டரால் அப்படியே ஓட்ட முடியாது. பல நெறிமுறைகளைப் புரிந்துகொள்ளும் மல்டி புரோட்டோகால் டிரான்ஸ்மிட்டர்களும் உண்டு. பின்னால் பல விமானங்கள் வாங்கும் எண்ணம் இருந்தால் அதில் ஒன்றை எடுப்பது நல்லது.

அப்புறம், எந்த ஸ்டிக் எதை இயக்கும் என்பதைச் சொல்லும் மோட் 1, மோட் 2 என்ற வேறுபாடு. மோட் 2இல் வேகமும் ரடரும் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) இடது ஸ்டிக்கில், எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) ஏலெரானும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) வலது ஸ்டிக்கில் இருக்கும். மோட் 1இல் வேகமும் எலிவேட்டரும் கை மாறும். உங்களுக்குச் சொல்லித்தரப்போகிறவர் எதில் ஓட்டுகிறாரோ அதையே வாங்குங்கள். விரல்கள் ஒன்றில் பழகிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கிட் என்றால் எல்லாப் பாகமும் இருக்குமா?

கிட்டுக்குக் கிட் மாறும். வாங்கும் முன் பாகப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள்.

லேசரில் வெட்டிய பால்சா கிட்டில் இறக்கையின் விலா எலும்புகள், உடலின் குறுக்குப் பலகைகள், நீளக் குச்சிகள், தகடுகள், வரைபடம் எல்லாம் வரும். இந்தக் காலக் கிட்களில் பாகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி பல்லும் துளையுமாக வெட்டியிருப்பார்கள். பசை போடும் முன்பே விமானத்தின் உருவம் கையில் வந்துவிடும். அச்சால் நசுக்கி வெட்டிய பழைய கிட்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ சுலபம். ஷார்ட் கிட் என்று விற்பதில் வளைவாக வெட்ட வேண்டிய பாகங்கள் மட்டுமே இருக்கும். நேரான குச்சிகளையும் தகடுகளையும் நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். முதல் கிட்டாக அது வேண்டாம்.

இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஃபோம்போர்டு கிட்களும் உண்டு. மடித்து, சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டினால் ஓரிரு மாலைகளில் விமானம் தயார். ஃபிளைட் டெஸ்ட் என்ற யூடியூப் குழு போன்றவர்கள் இதற்கான வரைபடங்களை இலவசமாகவே தருகிறார்கள். பால்சாவைத் தொடத் தயங்குபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

எந்தக் கிட்டிலும் மோட்டார், சர்வோ, ரிசீவர், பேட்டரி பெரும்பாலும் இருக்காது. பசையும் மேல் ஒட்டும் ஃபிலிமும்கூடப் பல கிட்களில் இருக்காது.

கையால் கட்டினால் மலிவாக முடியுமா?

முதல் விமானத்துக்கு முடியாது. கிட்டின் விலையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மோட்டார், ஸ்பீட் கன்ட்ரோலர், நான்கு சர்வோ, ரிசீவர், பேட்டரி, சார்ஜர், ஃபிலிம், பசை, சக்கரம், கன்ட்ரோல் கம்பிகள், கருவிகள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். தொழிற்சாலை இவற்றை மொத்தமாக வாங்கிப் போடுகிறது, நாம் ஒவ்வொன்றாக வாங்குகிறோம்.

கணக்கு மாறுவது இரண்டாவது, மூன்றாவது கிட்டில்தான். டிரான்ஸ்மிட்டர், சார்ஜர், இஸ்திரி, கத்தி எல்லாம் ஏற்கெனவே இருக்கும். உடைந்த விமானத்தின் மோட்டாரும் சர்வோவும் புதியதில் ஏறும். ஃபோம்போர்டு விமானம் என்றால் உடல் அடிபட்டாலும் எலெக்ட்ரானிக்ஸைக் கழற்றி அடுத்த உடலில் மாட்டிவிடலாம். அந்த அளவில் அதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஆர்டிஎஃப் ஒரு மணி நேரத்துக்குள். ஏஆர்எஃப் சில மாலைகள். பால்சா டிரெய்னர் கிட், புதிதாகக் கட்டுபவருக்கு 40 முதல் 60 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசை காயும் நேரம் வேறு. அவசரப்பட்டால் மேலும்தான் நீளும்.

என்னென்ன கருவிகள், என்ன பசை வேண்டும்?

முதலில் ஒரு தட்டையான பலகை. இதில் சமரசமே கூடாது, ஏனென்றால் பலகை வளைந்திருந்தால் இறக்கையும் அதே வளைவோடுதான் வரும். வரைபடத்தைப் பலகையில் விரித்து, பசை ஒட்டாதபடி அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி, வரைபடத்தின் மேலேயே கட்ட வேண்டும். கூரான கத்தியும் மாற்று பிளேடுகளும், உப்புத்தாள் ஒட்டிய நேரான கட்டை ஒன்று, இரும்பு ஸ்கேல், மூலைமட்டம், ஃபிலிம் ஒட்டும் சிறு இஸ்திரி. இவ்வளவு போதும்.

பசையில் மூன்று வகை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போன்ற மெல்லிய சயனோ பசையை (சூப்பர் க்ளூ வகை), இரண்டு பாகங்களையும் இறுக்கிச் சேர்த்துப் பிடித்த பிறகு இணைப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அது தானே உள்ளே ஊறிப் பிடித்துக்கொள்ளும். இணைப்பில் இடைவெளி இருந்தால் இந்தப் பசை உதவாது, கெட்டியான வகைதான் வேண்டும். மரப்பசை மெதுவாகக் காயும், ஆனால் பாகத்தை நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும், உப்புத்தாளுக்கும் நன்றாகத் தேயும். மோட்டார் பலகை, இறக்கைகள் நடுவில் சேரும் இடம், சக்கரக் கட்டை ஆகிய மூன்றுக்கும் 30 நிமிட எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பசை). 5 நிமிட எபாக்ஸியை அவசர வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண சயனோ பசை தெர்மோகோலை உருக்கிவிடும். மாடல் விமானங்களில் வரும் ஈபிஓ, ஈபிபி வகை ஃபோம்களில் அந்தப் பிரச்சினை இல்லை. எது என்ன ஃபோம் என்று தெரியாவிட்டால் மறைவான ஒரு மூலையில் சொட்டு வைத்துப் பாருங்கள். இந்தப் பசையின் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள்.

நான் கட்டியது தொழிற்சாலை விமானம் அளவுக்குப் பறக்குமா?

நேராகவும் லேசாகவும் கட்டினால் அதைவிட நன்றாகவே பறக்கும். இந்த இரண்டு சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் லேசு. பால்சா தகடுகள் ஒரே அளவில் இருந்தாலும் ஒரே எடையில் இருக்காது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு தகடுகளைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். ஒன்று காகிதம் போல இருக்கும், இன்னொன்று கனக்கும். கட்டத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் எழுதிவையுங்கள். கெட்டியானது இறக்கையின் முதுகெலும்புக்கும் நீளக் குச்சிகளுக்கும் போகட்டும். லேசானது வாலுக்கு. வாலில் ஏறும் ஒரு கிராமைச் சமன்செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும், ஏனென்றால் ஈர்ப்பு மையத்திலிருந்து வால் தூரத்தில் இருக்கிறது, மூக்கு பக்கத்தில் இருக்கிறது. தேவைக்கு மேல் பூசிய பசை, இரண்டாவது கோட் பெயின்ட் எல்லாம் இப்படித்தான் எடையைக் கூட்டும். எடை கூடினால் தரையிறங்கும் வேகமும் கூடும். பழகுபவருக்கு அதுதான் எதிரி.

அடுத்து நேர். இரண்டு இறக்கைகளும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். ஒன்றின் பின் விளிம்பு கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தாலும் விமானம் எப்போதும் ஒரு பக்கமே சாயும், வேகம் மிகக் குறையும்போது ஒரு பக்கமாகக் கவிழும். ஃபிலிம் ஒட்டிய பிறகு பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முறுக்கு தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒருவர் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஃபிலிமை மேலும் கீழும் சூடாக்கி, ஆறும்வரை அப்படியே வைத்திருந்தால் சரியாகிவிடும். பால்சா கட்டுமானத்தில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். கெட்டுப்போனதாகத் தோன்றும் எதையும் பெரும்பாலும் திருத்திவிட முடியும்.

விழுந்து உடைந்தால் எதைச் சரிசெய்வது சுலபம்?

சின்ன அடி என்றால் ஃபோம். நசுங்கிய ஈபிஓ மூக்கில் வெந்நீர் ஊற்றினால் ஓரளவு உப்பி வரும், இரண்டாகப் போனதை மைதானத்திலேயே ஒட்டிவிடலாம். ஆனால் பல முறை ஒட்டிய ஃபோம் விமானம் கனத்துப்போகும், வடிவமும் மாறியிருக்கும். அப்போது புதிய இறக்கையோ உடலோ வாங்குவதுதான் வழி. வாங்கும் முன்பே உதிரிப் பாகங்கள் தனியாகக் கிடைக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

பால்சாவில் உடைந்தால் மைதானத்தில் ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்கு வர வேண்டும். ஆனால் நீங்களே கட்டியிருந்தால் எந்த விலா எங்கே இருக்கிறது, எது பளு தாங்குகிறது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துபடி. வரைபடம் இருக்கிறது, உடைந்த விலாவை அதிலிருந்து அச்செடுத்துப் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். ஏஆர்எஃப் விமானத்துக்கு இந்த வரைபடம் பெரும்பாலும் தருவதில்லை. தயாரிப்பு நின்றுவிட்டால் உதிரிப் பாகமும் போச்சு. கிரேட் பிளேன்ஸ் உட்படப் பல பெயர்களில் விமானங்களை விற்ற ஹாபிக்கோ நிறுவனம் 2018இல் திவாலானபோது ஏராளமான மாடல்கள் சந்தையிலிருந்து மறைந்தன. அவற்றில் வரைபடம் கையில் இருந்த கிட் விமானங்களை இன்றும் புதிதாகவே கட்ட முடியும்.

ஏஆர்எஃப் வாங்கினால் அப்படியே நம்பிப் பறக்கவிடலாமா?

கூடாது. தொழிற்சாலையில் போட்ட பசை சில இணைப்புகளில் போதாமல் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது மோட்டார் பலகையை. உள்பக்க ஓரங்களில் எபாக்ஸியை விரலால் தடவி ஒரு வரம்பு கட்டிவிடுவேன். சக்கரக் கட்டைக்கும் அதே. அடுத்தது கீல்கள். ஒவ்வொரு ஏலெரானையும் எலிவேட்டரையும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால், மேலே போகும் முன்பே வந்ததே என்று சந்தோஷப்படுங்கள்.

மரத்தில் போடும் திருகுகளை ஒரு முறை போட்டுக் கழற்றி, துளையில் மெல்லிய சயனோ ஒரு சொட்டு விட்டு, காய்ந்த பிறகு திரும்பப் போட்டால் அதிர்வில் தளராது. ஃபிலிம் சுருங்கியிருந்தால் இஸ்திரியை மெதுவாக ஓட்டுங்கள், விளிம்புகளையும் இன்னொரு முறை அழுத்தி ஒட்டிவிடுங்கள்.

ஜைரோ உள்ள விமானம் வாங்கினால் பழகும் தேவையே இல்லையா?

ஜைரோ என்பது விமானத்தின் அசைவை உணரும் சென்சார். அதை வைத்து இயங்கும் ஸ்பெக்ட்ரமின் சேஃப் போன்ற வசதிகள் விமானம் அளவுக்கு மீறிச் சாயாமல் பார்த்துக்கொள்ளும், ஸ்டிக்கை விட்டால் தானே சமநிலைக்கு வரும். புதியவர்களுக்கு நிச்சயம் உதவுகிறது. ஆனால் விமானம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அது முடிவு செய்யாது, காற்று இழுத்துக்கொண்டு போவதையும் நிறுத்தாது. சில பறத்தல்களுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அணைத்துப் பழகுங்கள், இல்லாவிட்டால் கிட்டில் கட்டிய விமானத்தை ஓட்டும் நாளில் கை திணறும். வீட்டில் கணினி சிமுலேட்டரில் பழகுவதும் இதே அளவு உதவும், அங்கே உடைவதற்கு ஒன்றுமில்லை.

கட்டுபவர்கள்தான் உண்மையான மாடலர்கள் என்கிறார்களே?

அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் வேறு வழியே இல்லை. 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வால்ட்டர், வில்லியம் குட் சகோதரர்கள் ரேடியோவால் இயங்கும் மாடல் விமானத்தைப் பறக்கவிட்டபோது விமானத்தை மட்டுமல்ல, ரேடியோவையும் அவர்களேதான் செய்ய வேண்டியிருந்தது. அந்த விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று வழி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்கிறோம். வாங்கியதை அருமையாக ஓட்டுபவரும், கட்டுவதையே விரும்பி எப்போதாவது பறக்கவிடுபவரும் ஒரே மைதானத்தில்தான் நிற்கிறார்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெறும் குச்சிகளாக மேஜையில் கிடந்தது தரையை விட்டு எழும் அந்த நொடியை ஒரு முறையாவது எல்லோரும் அனுபவிக்க வேண்டும். அதற்காகவே கிட்டைச் சொல்கிறேன்.

முதல் முறை பறக்கவிடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

வாங்கியதோ கட்டியதோ, இது எல்லாவற்றுக்கும் பொது.

பேட்டரி உள்ளே இருக்க, இறக்கையின் கீழே குறித்த இடத்தில் இரண்டு விரல்களால் தாங்கிப் பாருங்கள். சாதாரண செவ்வக இறக்கையில் அந்த இடம் முன் விளிம்பிலிருந்து, இறக்கையின் முன்-பின் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்கும். மூக்கு மிக லேசாகக் கீழே சாய்ந்தால் நல்லது. வால் கீழே போனால் பறக்கவிடவே வேண்டாம், பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள்.

பின்னால் நின்று ஏலெரான் ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளுங்கள். வலது ஏலெரான் மேலே எழ வேண்டும், இடது இறங்க வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே போக வேண்டும். இதைத் தலைகீழாக விட்டுவிட்டுப் பறக்கவிட்ட விமானம் தப்புவது அபூர்வம். கடைசியாக டிரான்ஸ்மிட்டரை, சிக்னலைக் குறைத்து அனுப்பும் ரேஞ்ச் சோதனை நிலையில் வைத்து, கையேட்டில் சொன்ன தூரம் நடந்து போய், எல்லாம் அசைகிறதா என்று பாருங்கள்.

உங்கள் நாட்டின் விதிகளையும் படித்துவிடுங்கள். அமெரிக்கா உட்படச் சில நாடுகளில் 250 கிராம் என்ற எடைதான் முக்கியமான எல்லை. கையால் கட்டியது என்பதற்காகச் சலுகை கிடையாது.

சிறுவர்களோடு சேர்ந்து செய்யலாமா?

தாராளமாக. ஃபோம்போர்டு கிட் இதற்கென்றே அமைந்தது. கத்தியும் சயனோ பசையும் பெரியவர் கையில் இருக்கட்டும். மோட்டாரைச் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள், விதிவிலக்கே வேண்டாம். லித்தியம் பாலிமர் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பல நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.

யாரோ பாதி கட்டி வைத்த பழைய கிட் கிடைக்கிறது. எடுக்கலாமா?

வரைபடம் இருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். முதலில் கட்டி முடித்த இறக்கையைத் தட்டையான மேஜையில் வைத்து முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிலிம் போடாத இறக்கையில் முறுக்கைத் திருத்திவிடலாம், முழுக்கத் தகடு ஒட்டிய இறக்கை என்றால் கடினம். பழைய இணைப்புகளை விரலால் லேசாக நெரித்துப் பாருங்கள், கிளிக் என்று விட்டால் அத்தனை இணைப்பிலும் புதிதாகப் பசை விட வேண்டிவரும். வெட்டாமல் மிச்சமிருக்கும் பாகங்களை வரைபடத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்து எது குறைகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு விலாக்கள் என்றால் ஒரு மாலை வேலைதான். பழைய கிட் பெட்ரோல் எஞ்சினுக்கோ மெத்தனால் எரிபொருளில் ஓடும் குளோ எஞ்சினுக்கோ வரைந்ததாக இருந்தால், பேட்டரியை மேலிருந்து போட்டு எடுக்க ஒரு கதவு வேண்டும். அதை உடலை மூடும் முன்பே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.